துளை எண் நான்கு

நாரஹேன்பிட்டியில் எங்கள் லாப்.
சுவரில் புத்தர் படம், அதன்கீழ் தீயணைப்பு விதிகள்,
நாள் முழுக்க நடுங்கும் சல்லடை மெஷின்.

செவ்வாய்க்கிழமை லொறி வந்தது.
எட்டுப் பெட்டி. எட்டும் வடக்கு.
கையெழுத்து வைத்து நான்தான் எடுத்தேன்.
இராணுவ முகாம், கட்டம் இரண்டு,
மூன்று மாடி விடுதிக்கு
அத்திவாரம் போட முன் மண்பரிசோதனை.

வரைபடத்தை மேசையில் விரித்தேன்.
வாகை நின்ற மூலையில் தண்ணீர்த் தாங்கி.
சுடர் ஏற்றிய மேடை இருந்த இடம் அணிவகுப்புத் திடல்.
திடலின் மேற்குக் கரையிலிருந்து பதினொரு மீற்றரில்
துளை எண் நான்கு.
ஆறாம் வரிசை அங்கேதான் முடியும்.
கார்த்திகை மழையில்
தேங்காயெண்ணெய்ப் போத்தலும் கையுமாய்
இடப்பக்கமிருந்து எண்ணிக்கொண்டு போவேன்.
ஒன்பதாவது கல்.
கல்லில் இருந்த பெயர் சொல்லி
வீட்டில் ஒருவரும் அவனைக் கூப்பிட்டதில்லை.
எங்களுக்கு அவன் குகதாசன்.
மீன்முள் சிக்கினால்
வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கு என்பான்.

முதலில் நிறை.
பிறகு நூற்றைந்து பாகையில் ஒரு பகலும் இரவும்.
பிறகும் நிறை.
குறைந்ததெல்லாம் நீர் என்று எழுதவேண்டும்.
வேறு பத்தி கிடையாது.

மேலே ஒன்றரை மீற்றர் கொட்டி நிரப்பிய மண்.
அதற்குள் சீமெந்துத் துண்டுகள்.
ஒன்றின் ஒரு பக்கம் மினுக்கியிருந்தது.
கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தேன்.
எழுத்து இல்லை.
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று
அன்றிரவு வெள்ளவத்தையில்,
நாலாம் மாடியில்,
ரயில் போய் முடியும்வரை யோசித்தேன்.

அதற்குக் கீழே செம்மண், இறுக்கம்.
சேதனப் பொருள்: சிறிதளவு.

பியதிலக்க சேர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
‘ஹொந்த பஸ்’ என்றார்.
அவர்கள் மொழியில் பஸ் என்றால் மண்.
பதினாறு வருடமாய்க் கொழும்பில் இருக்கிறேன்,
இன்னும் ஒரு கணம்
ஏதோ வண்டி வந்து நிற்கிறதென்றே நினைக்கிறேன்.
மூன்று மாடி தாராளமாய்த் தாங்கும் என்றார்.
தாங்கும் சேர்.

படிவத்தில் ஒரு கட்டம்:
நிலத்தின் முன்னைய பயன்பாடு.
களப் பிரதியில் பென்சிலால் ‘தரிசு’.
நான் ஒன்றும் அடிக்காமல் அனுப்பினேன்.
வியாழக்கிழமை திரும்பி வந்தது:
தயவுசெய்து பூர்த்தி செய்க.
பூர்த்தி செய்தேன்.

அன்று பஸ்ஸுக்குப் போகாமல் ஜாவத்தை வீதியால் நடந்தேன்.
வேலிக்கு அப்பால்
இரண்டாம் உலக யுத்தத்தில் செத்தவர்களின் கற்கள்,
எல்லாம் ஒரே உயரம், பாசி தேய்த்துக் கழுவியவை.
கால் தானாக நின்றது.
இடப்பக்கமிருந்து எண்ணினேன்.
புல்லு வெட்டுகிறவர் மெஷினை நிறுத்தி
யாரைத் தேடுறீங்க மிஸ் என்று சிங்களத்தில் கேட்டார்.
ஒருவரையும் இல்லை என்றேன்.
அவர் கொஞ்சம் பொறுத்துத்தான் மெஷினைத் திரும்பப் போட்டார்.

மாதிரிகளை முப்பது நாள் வைத்திருப்பது லாப் விதி.
முப்பத்தோராம் நாள் கொட்டலாம்.
அந்தியேட்டிக்கு எங்களுக்கும் அதுதான் கணக்கு.
அவனுக்கு அது நடக்கவில்லை,
இயக்கம் விதைத்ததை நாங்கள் எப்படிக் கரைப்பது
என்று அப்பா சொல்லிவிட்டார்.

பின்வளவில் எல்லா ஊர் மண்ணும் ஒரே குவியல்.
அதன்மேல் யாரும் நடாத பப்பாசி ஒன்று.
பைகளைத் தூக்க வந்த நிலந்தவிடம்
நாலாவதை நான் கொண்டு போறன் என்றேன்.
பாரமாயிருக்கும் மிஸ் என்றான்.

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
நான்தானே நிறுத்தேன்.